வடிகால் பாதையில் நிலம் வைத்திருக்கும் எம் ஊராருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், வடிகால் செல்லும் பாதையில் பட்டா வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், பிழைப்புக்காக வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் மேலத்தெருவில் தொடங்கி, பள்ளிக்கூடத்தைக் கடந்து, ஊருணி வரையிலும், ஊருணி நிறைந்தால் அதன் மறுகாலிலிருந்து கடற்கரைக் கழி வரையிலும் மழைநீர் வடிகால் அமைக்கும் திட்டம் இந்த ஆண்டுதான் அளவு எடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. பாதையில் பெரும்பகுதி தெருவும் புறம்போக்கும் என்றாலும், நடுவே பதினொரு பட்டா நிலங்கள் இருக்கின்றன. அந்தப் பதினொரு வீட்டுக்கும் சென்ற வாரம் ஒரு வெள்ளைத் தாள் வந்தது. "எனது நிலத்தின் வழியாக வடிகால் அமைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒரே வரியும், கீழே கையொப்பத்துக்கு ஓர் இடமும் மட்டுமே அதில் இருந்தன. ஆறு பேர் கையொப்பமிட்டார்கள், ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள். அன்று முதல் டீக்கடையிலும் வலை காயும் கரையிலும் அந்த ஐந்து பேரைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது.

மறுத்தவர்களை ஊருக்கு ஆகாதவர்கள் என்று பேசுவது தவறு. கையொப்பமிட்டவர்களை ஏமாளிகள் என்று பேசுவதும் தவறு. பதினொரு பேரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தண்ணீருக்கு வழி கொடுங்கள், ஆனால் அந்த வெள்ளைத் தாளில் கொடுக்காதீர்கள், அளவும் நிபந்தனையும் எழுதிப் பதிவு செய்த பத்திரத்தில் கொடுங்கள். அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருவன். எனக்கு வந்த தாளில் நானும் இன்னும் கையொப்பமிடவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். என் தகப்பனார் காலத்துப் பத்திரங்களில் நான்கு மால், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள், எழுதி முடித்ததும், "மேற்படி நிலத்துக்குண்டான மாமூல் வழிநடைப் பாத்தியம், மழைத்தண்ணீர் வடியும் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பாத்தியம் என்றால் உரிமை. நிலத்தை வாங்குகிறவர் நிலத்தோடு சேர்த்து அதன் கடமையையும் வாங்குகிறார் என்று அந்த வரி சொல்லியது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனைகள் விலைபோகத் தொடங்கிய பிறகு பத்திரங்கள் சுருங்கின. கணினியில் அச்சிட்ட மாதிரியை எடுத்துப் பெயரையும் அளவையும் மாற்றினால் போதும் என்றானது. அப்படி ஒரு மாலை நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே இருந்த மூலை மனைக்கு நான் எழுதிய கிரயப் பத்திரத்தில் அந்த ஒரு வரி விடுபட்டது. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை, எழுதுகிறவன் நினைவூட்டவில்லை. வாங்கியவர் வெளியூர்க்காரர். தன் எல்லைக்குள்தான் சுற்றுச்சுவர் எழுப்பினார். அதுவரை மேலத்தெருத் தண்ணீர் அந்த மனையின் ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஐப்பசியில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அந்த மனைக்காரர் மீது எனக்கு இன்றும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த பத்திரத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. அதை எழுதியவன் நான் என்பதால்தான் இன்று உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

பாதை ஏன் உங்கள் நிலத்தில் விழுகிறது, சற்றே வளைத்துக்கொண்டு போகக் கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட இந்தக் கரை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது என்று நாம் சொன்னாலும், கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவுக்குச் சரிவு கிடையாது. 300 மீட்டர் நீளமுள்ள வாய்க்காலுக்கு 300-க்கு 1 என்று சரிவு கொடுத்தால், அதன் கடைசி முனை தொடக்கத்தைவிட 1 மீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதையே வளைத்து 450 மீட்டர் ஆக்கினால், அதே சரிவுக்கு ஒன்றரை மீட்டர் தாழ்வு வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குப் போனால் நம் ஊர் மண்ணில் உவர்நீர் ஊறிவிடும், வாய்க்கால் எப்போதும் தேங்கியே கிடக்கும். நெடுஞ்சாலை மேடாகிவிட்டதால் தண்ணீர் சாலையைக் கடக்கும் இடமும் குழாய்ப் பாலம் இருக்கும் அந்த ஒரே இடந்தான். ஆகவே ஒரு முனை பாலத்தாலும் மறுமுனை ஊருணியாலும் முடிவாகிவிட்டன. இடையில் இருக்கும் நிலங்கள் உங்களுடையவையாகவும் என்னுடையதாகவும் அமைந்துவிட்டன.

இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் மழையைக் குறைவாகத்தான் நினைக்கிறோம். ஆனால் வரும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தங்கச்சிமடமும் பாம்பனும் மிதந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். அதில் நான்கில் ஒரு பங்காக 10 சென்டிமீட்டர் பெய்தாலே, ஓர் ஏக்கரில் விழும் தண்ணீர் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி முப்பதுக்கும் மேல் வேண்டும், அதைச் சுமக்க. போதாக்குறைக்கு, மழை பெய்யும் அதே மாதங்களில்தான் வாடைக்காற்று அடித்து நம் பக்கத்துக் கடல் பொங்குகிறது, கழியின் வாயில் மணல் திட்டுப் போடுகிறது. வெளியேற வேண்டிய நேரத்தில் வாசல் அடைபடுகிறது என்பதால்தான், தண்ணீரை நேரே கடலுக்குக் கொண்டு போகாமல் முதலில் ஊருணியில் சேர்த்து, மிஞ்சுவதை மட்டும் கழிக்கு விடுவது என்று திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் குடம் தூக்கி அலையும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வடிகால் வேறு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இனி அந்த வெள்ளைத் தாளுக்கு வருகிறேன். வழிநடை, நீர்வழி போன்ற பாத்தியங்களை நம் நாட்டில் ஆள்வது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த பழைய சட்டம் அது. ஒருவர் தன் நிலத்தில் இன்னொருவர் ஒரு காரியத்தைச் செய்துகொள்ளலாம் என்று வெறுமனே இசைவு தந்தால், அதை அந்தச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உரிமம் என்று அழைக்கிறது. அது நிலத்தின் மேல் பதியும் உரிமை அன்று, ஆளுக்கு ஆள் தந்த அனுமதி. அப்படி அனுமதி தந்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்று 59-ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்சேபணை இல்லை என்று இன்று நீங்கள் கையொப்பமிட்டு, வடிகாலும் கட்டி முடித்து, ஐந்தாண்டு கழித்து உங்கள் பிள்ளை அந்த நிலத்தை விற்றால், வாங்கியவர் வந்து அடைத்துவிட இடமிருக்கிறது. ஊருக்கு அந்தத் தாளால் நிலையான பயன் எதுவும் இல்லை.

உங்களுக்காவது அது பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. அனுமதி பெற்றவர் அதை நம்பி நிலையான கட்டுமானம் எழுப்பிச் செலவும் செய்துவிட்டால், தந்தவர் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 60-ஆம் பிரிவு கூறுகிறது. கான்கிரீட் வடிகால் கட்டிய மறுநாளே உங்கள் கை கட்டப்பட்டுவிடும். எத்தனை அடி அகலம், எந்த ஓரம், யார் தூர்வாருவது, சுவர் இடிந்து பயிரில் தண்ணீர் புகுந்தால் யார் ஈடு கட்டுவது என்று தாளில் ஒன்றுமே இல்லாத நிலையில், நீங்கள் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? தந்தவருக்கு மீட்க வழியில்லை, பெற்ற ஊருக்கு நிலைக்கும் என்ற உறுதியில்லை. ஒரே தாள் இரண்டு பேரையும் கைவிடுகிறது. என் தொழிலில் நான் பார்த்த தாள்களிலேயே இது போன்றவைதான் அதிக வழக்குகளுக்கு வித்திட்டவை.

"காலம் காலமாக அந்த வழியாகத்தானே தண்ணீர் போகிறது, பத்திரம் எதற்கு" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகவே அனுபவித்து வந்தால் அந்தப் பாத்தியம் நிலைபெறும் என்று 15-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் உரிமையாக அனுபவித்தது என்பதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும்; "பாவம் போகட்டும் என்று விட்டேன்" என்று நிலத்துக்காரர் சொல்லி அது ஏற்கப்பட்டால், அனுமதியோடு அனுபவித்தது ஆகிவிடும், ஆண்டுக் கணக்கு எடுபடாது. மேட்டு நிலத்தில் விழும் மழை தாழ்ந்த நிலத்துக்கு இயல்பாக வடிவதைத் தாழ்ந்த நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டாகவே இருக்கிறது. அது பரந்து ஓடும் மழைத்தண்ணீருக்குச் சொன்னது. ஒரு தெருவின் தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் சேர்த்து ஒருவர் வயலில் ஒரு முனையில் கொட்டுவதை அதில் அடக்க முடியாது. குளியலறைத் தண்ணீருக்கும் அது பொருந்தாது.

அந்தக் கடைசிச் செய்தியில்தான் மறுத்த ஐவரில் மூவருடைய மனக்குறை இருக்கிறது. நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். நிலம் போவதைவிட, சாக்கடை வந்துவிடும் என்ற அச்சமே அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்குக் குழாய் வந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். வந்த தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தெரு தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மழைநீருக்கென்று வெட்டும் வாய்க்காலில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் நாள்தோறும் வந்து விழுந்தால், கோடையிலும் அது நாறும், ஊருணியும் கெடும். ஆகவே பத்திரத்தில் "மழைநீர் மட்டும்" என்ற சொற்கள் இருந்தே தீர வேண்டும். மேட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போடலாம். கடலை ஒட்டிய வீடுகளில் அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி உறிஞ்சுகுழி நிரம்பிவிடும் என்பதால், அந்தத் தெருவுக்குப் பொதுவாக ஒரு வடிகட்டும் தொட்டியை ஊராட்சி தனியே கட்டித் தர வேண்டும். இதை முடிக்காமல் வடிகாலைத் திறக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை நிலம் தரும் பதினொரு பேருக்கும் உண்டு.

பத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஊருக்கு நான் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அது ஒன்றுதான். நம் சட்டத்தில் இந்தப் பாத்தியம் ஆளுக்கோ அலுவலகத்துக்கோ தனியே கிடைப்பதன்று. ஒரு நிலத்தின் நலனுக்காக இன்னொரு நிலத்தின் மேல் அமைவது. எனவே "ஊராட்சிக்கு உரிமை தருகிறேன்" என்று மட்டும் எழுதினால் அது அரைகுறை. பயன் பெறும் நிலம் எது என்று, மேலத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, ஊருணி ஆகியவற்றின் புல எண்களோடு குறிப்பிட வேண்டும். சுமை தாங்கும் நிலத்தைப் புல எண், உட்பிரிவோடு காட்டி, நில அளவர் வரைந்த படத்தை இணைத்து, வடிகால் எந்த எல்லையை ஒட்டி எத்தனை மீட்டர் தள்ளிச் செல்கிறது என்று எழுத வேண்டும். நிலையான பாதைக்கு ஆறடி போதும். கட்டும் காலத்தில் மண் குவிக்கவும் வண்டி நிற்கவும் இன்னும் சில அடி தேவைப்படும். அதைத் தற்காலிக அனுமதியாகத் தனியே எழுதி, வேலை முடிந்ததும் நிலத்தைச் சமன்செய்து ஒப்படைக்க நாள் குறிக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால், தற்காலிகமாகத் தந்த இடமும் நிலையாகக் கைவிட்டுப் போய்விடும்.

தூர்வாரவும் பழுது பார்க்கவும் ஆட்கள் உள்ளே வரும் உரிமை இந்தப் பாத்தியத்தோடு சேர்ந்தே வரும். ஆனால் நிலத்துக்காரருக்கு இயன்ற அளவு குறைந்த தொல்லையோடு அதைச் செய்ய வேண்டும் என்பதும் சட்டமே. தூர்வாரும் செலவு பயன்பெறும் தரப்பினுடையது, நிலத்துக்காரர் ஒரு மண்வெட்டி மண்கூட அள்ள வேண்டியதில்லை. பராமரிக்காமல் விட்டு அதனால் நிலத்துக்குச் சேதம் ஏற்பட்டால் ஈடு தர வேண்டும் என்பது 26-ஆம் பிரிவு. பின்னாளில் மேற்கே புது மனைப்பிரிவு வந்து அதன் தண்ணீரையும் இதே வாய்க்காலில் திருப்பிச் சுமையைக் கூட்டிவிட முடியாதபடி, குழாய்ப் பாலத்துக்குக் கிழக்கே உள்ள தெருக்களுக்கு மட்டும் என்று எல்லை குறித்துவிடலாம். இவை சட்டத்தில் இருக்கின்றனவே, பத்திரத்தில் மறுபடி எழுதுவானேன் என்று சிலர் சொல்வார்கள். வழக்கு மன்றத்துக்குப் போகாமலேயே, ஊராட்சிச் செயலரிடம் நீட்டிக் காட்டப் பத்திரம் போதும் என்பதால்தான்.

நிலம் போய்விடுமா என்றால், போகாது. தானப் பத்திரம் எழுதினால்தான் அந்தத் துண்டு உங்களை விட்டுப் போகும். பாத்தியம் எழுதித் தந்தால் பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். மூடியிட்ட வடிகாலின் மேல் நடக்கலாம், வண்டி கடக்கப் பலகைக்கல் போட்டுக் கேட்கலாம், ஓரத்தில் கீரை போடலாம். கட்டடமும் சுவரும் மட்டும் அந்த ஆறடிக்குள் வரக் கூடாது. 200 அடி நீளமுள்ள நிலத்தில் ஆறடி என்பது 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஒன்பது சென்ட் மட்டுமே வைத்திருக்கும் நம் கீழத்தெரு அக்காவுக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. அவர் நிலத்தில் மட்டுமாவது இருபுறமும் எல்லையை ஒட்டி அகலத்தைப் பிரித்துக்கொள்ளப் பக்கத்து நிலத்துக்காரர் இசைய வேண்டும், அந்தப் பக்கத்து நிலம் என்னுடையது, நான் இசைகிறேன். அவருக்கு இழப்பீடு தருவதற்கும் ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். பாதையில் நிற்கும் பனைகளையும் எண்ணி வைத்திருக்கிறேன். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருப்பதால், மரத்தைவிட வாய்க்கால் நகர்வதே எளிது. ஓரிரு அடி நகர்த்தினால் எல்லாப் பனையும் தப்பும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பட்டாக்களில் பாதி இன்னும் பாட்டன் பெயரில் கிடக்கின்றன. ஊரில் இருக்கும் ஒரு பங்காளி மட்டும் கையொப்பமிட்டால் மற்றப் பங்காளிகளை அது கட்டாது. வர முடியாதவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். நடமாட முடியாத முதியவர்களுக்காகச் சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கியில் அடமானம் உள்ள நிலமாக இருந்தால் வங்கிக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். கோயில் நிலமோ வக்பு நிலமோ குறுக்கிட்டால், நிர்வாகியின் கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டாம்.

திட்டத்தை நடத்தும் அலுவலர்களிடமும் இதே மடலில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வடிகால் அமைப்பதும் கழிவுநீரை அகற்றுவதும் ஊராட்சியின் கடமை. அந்தக் கடமைக்குப் பட்டா நிலத்தைக் கேட்கும் முன்னர், உங்கள் கையிலேயே இருக்கும் நிலத்தை மீட்டெடுங்கள். கிராம வரைபடத்தில் மேலத்தெருவுக்குத் தெற்கே ஓர் ஓடைப் புறம்போக்கு கோடாக ஓடுகிறது. நிலத்தில் போய்ப் பார்த்தால் பாதி சீமைக் கருவேலம், மீதி வேலி. பட்டாப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்திய பதிவேட்டையும், ஜமீன் ஒழிப்புக்குப் பிந்திய நிலவரித் திட்ட வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து நில அளவர் ஒரு முறை அளந்தால், பதினொரு பட்டாவில் இரண்டுக்காவது பாதையே தேவைப்படாது என்று நான் நம்புகிறேன். கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011-இலேயே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஓடையை வளைத்தவரைத் தொடாமல், ஒன்பது சென்ட்காரரிடம் வெள்ளைத் தாளை நீட்டுவது முறையாகாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வரைபடச் செலவும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும். நிலத்தைத் தருகிறவரே அந்தச் செலவையும் தர வேண்டும் என்று கேட்டால், மறுப்பவர் எண்ணிக்கை ஐந்தோடு நிற்காது.

வாங்கிச் சென்ற ஆறு தாள்களையும் ரத்து செய்து உரியவர்களிடம் திருப்பித் தருமாறு கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அந்த ஆறு பேரும் விரும்பினால் அதில் கையொப்பமிடலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் என் நிலத்துக்கான பத்திர வரைவைப் படித்துக் காட்டுகிறேன். அளவு, ஓரம், மழைநீர் மட்டும் என்ற நிபந்தனை, ஈடு, தூர்வாரும் மாதம் எல்லாம் அதில் இருக்கும். குறை தோன்றினால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள், திருத்தி எழுதுவோம். மற்றப் பத்து நிலங்களுக்கும் வரைவு எழுதித் தர என் வீட்டுக்கு எந்நேரமும் வரலாம், எழுத்துக் கூலி எதுவும் வேண்டாம். வரும்போது மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கையோடு கொண்டு வாருங்கள். பழைய பத்திரத்தில் தண்ணீர் வடியும் பாத்தியம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்போம். மூலை மனைக்காரருக்கும் தனியே கடிதம் எழுதியிருக்கிறேன். சுவரை இடிக்கச் சொல்லவில்லை. அடியில் ஒரு குழாய் செல்லும் அளவுக்குத் துளையிட இசைந்தால், முன்பு நான் விட்டுவிட்ட வரியை இப்போது அவர் நிபந்தனைகளோடு சேர்த்து எழுதித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஊரைச் சேர்ந்த,
தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்